மன அழுத்தத்துக்கு மூலிகை: உடல்வாகு பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பொருள் உண்டா?

கணக்குப்பிள்ளை_மதுரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். மாதந்தோறும் 11ஆம் தேதிக்குள் ஒரு ஜிஎஸ்டி படிவத்தையும் 20ஆம் தேதிக்குள் மற்றொன்றையும் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நாட்கள் நெருங்கும்போதெல்லாம் தூக்கம் கெட்டு, நெஞ்செரிச்சலும் படபடப்பும் சேர்ந்துகொள்கின்றன. வீட்டில் யார் என்ன கேட்டாலும் கோபம்தான் வருகிறது. இயல்பில் நான் மெலிந்த உடம்புக்காரி. தோல் வறட்சி, மலச்சிக்கல், எதையாவது நினைத்துக் கவலைப்படுவது ஆகியவை சிறுவயது முதலே உண்டு. ஆனால் அண்மைக் காலமாக நள்ளிரவில் உடல் சூடேறி விழிப்பு வந்துவிடுகிறது. தைராய்டு குறைவுக்காகத் தினமும் 50 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன்.

உடன் பணிபுரியும் தோழி, அஸ்வகந்தா (அமுக்கரா) மாத்திரை எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்லி ஒரு புட்டியே வாங்கித் தந்துவிட்டார். எங்கள் தெருவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் பெரியவரோ, "உங்களுக்குச் சூட்டு உடம்பு, அமுக்கரா ஆகாது, வல்லாரை சாப்பிடுங்கள்" என்கிறார். இணையத்தில் உள்ள கேள்விப் பட்டியல்களை நிரப்பிப் பார்த்தால், ஒன்று என்னை வாத உடம்பு என்கிறது, மற்றொன்று பித்த உடம்பு என்கிறது. என் கணவர் எனக்கு நேர் எதிர்: கனத்த உடல், நிதானமான சுபாவம், உட்கார்ந்த இடத்தில் உறங்கிவிடுவார், இரவில் பலத்த குறட்டை, பகலெல்லாம் சோர்வு. அவருக்கு ரோடியோலா என்ற ஊக்க மூலிகையை வாங்கலாமா என்றும் யோசனை இருக்கிறது.

உடல்வாகு பார்த்து இத்தகைய மூலிகைகளைத் தேர்வு செய்வதில் உண்மையிலேயே பொருள் உண்டா? உண்டென்றால் எனக்கு எது பொருந்தும்?

சித்தமருத்துவர்_நெல்லை

அம்மா, உங்களுக்கு இரண்டு விடைகள் கிடைத்ததில் வியப்பில்லை. அந்தக் கேள்விப் பட்டியல்கள் இரண்டு வேறு செய்திகளை ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தேக இலக்கணம் என்பது பிறவியோடு வருவது: எலும்பின் அமைப்பு, தோல், முடி, நடை, பேச்சு, பசியின் போக்கு ஆகியவற்றைக் கொண்டு அறியப்படுவது. குற்றநிலை என்பது இன்றைக்கு வாதம், பித்தம், ஐயம் (கபம்) ஆகிய மூன்றில் எது மிகுந்திருக்கிறது என்பது. அது பருவம், உணவு, உழைப்பு, மனநிலை ஆகியவற்றால் மாறிக்கொண்டே இருக்கும். மருந்து கொடுப்பவர் தேகத்தை அறிந்திருக்க வேண்டும் என்றாலும், மருந்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இன்றைய குற்றநிலைதான். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொன்னால், உங்கள் உடல்வாகு வாதத்தைச் சார்ந்தது, இப்போதைய தொல்லையில் பித்தம் மேலோங்கியிருக்கிறது. இப்படி இரண்டு சேர்ந்து நிற்பதைத் தொந்தம் என்போம். கலப்பில்லாத ஒற்றைத் தேகிகளைக் காண்பது அரிது; மருத்துவமனைக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் தொந்த தேகிகளே.

அமுக்கரா கைப்புச் சுவையும் வெப்பத் தன்மையும் உடையது. மெலிவு, வறட்சி, அசதி, நிலையற்ற தூக்கம் என்று வாதம் கெட்டிருப்பவருக்கு அது நல்ல மருந்து. கிழங்கை அப்படியே இடித்துக் கொடுப்பது மரபன்று. பாலின் ஆவியில் பிட்டு அவிப்பதுபோல அவித்து, உலர்த்தி, அதன் பிறகே சூரணிக்க வேண்டும். மேலும், "அமுக்கரா சாப்பிட்டேன், வயிறு எரிந்தது" என்று சொல்பவர்களில் பலர் சாப்பிட்டது தனி அமுக்கரா அன்று, அமுக்கரா சூரணம். அதன் அளவு முறை அழகானது: கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் இரட்டிக்கும். கூட்டிப் பார்த்தால் 255 பங்கில் அமுக்கரா ஏறத்தாழக் கால் பங்கு, சர்க்கரை பாதி, சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். நெஞ்செரிச்சல் உள்ளவருக்குத் திரிகடுகு எனப்படும் இம்மூன்றும் என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நீரிழிவு உள்ளவர்கள் அந்தப் பாதிப் பங்குச் சர்க்கரையை நினைவில் கொள்வது நல்லது.

பித்தம் மிகுந்த நிலையில் வல்லாரை, தண்ணீர்விட்டான் கிழங்கு, அதிமதுரம் போன்ற குளிர்ச்சியான சரக்குகளை நாடுவது மரபு. ஐயம் மிகுந்து மந்தமாக இருப்பவருக்கு இனிப்பும் கனமும் உள்ள சரக்குகள் மந்தத்தையே கூட்டும். அவருக்குத் துளசி, திப்பிலி, சுக்கு போன்ற வெப்பமும் கார்ப்பும் உள்ளவை ஏற்கும். சரக்கைப் போலவே துணைமருந்தும் முக்கியம். ஒரே சூரணத்தைப் பித்தத்தில் பாலிலோ நெய்யிலோ கொடுப்பார்கள், ஐயத்தில் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். குப்பியில் அடைத்த மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கும்போது இந்தப் பகுதி முழுவதும் விடுபட்டுப் போகிறது.

என் அனுபவத்தில், உடல்வாகு என்பது "இதைத்தான் சாப்பிட வேண்டும்" என்று சொல்வதைவிட "இது வேண்டாம்" என்று சொல்வதற்கே அதிகம் பயன்படுகிறது. உங்கள் தெருப் பெரியவர் சொன்னதும் அந்த வகைதான், அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நாடி பார்க்காமல் இதற்கு மேல் எழுதுவது முறையாகாது.

மருந்தியல்_ஆசிரியர்

மருத்துவர் ஐயா மரபின் பக்கத்தைச் சொல்லிவிட்டதால், நான் மறுபக்கத்தை எழுதுகிறேன். முதலில் ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்ட வேண்டும். மன அழுத்தத்துக்கு விற்கப்படும் இத்தகைய மூலிகைகளை அடாப்டோஜென் என்கிறார்கள். அந்தக் கருத்து சித்தத்திலிருந்தோ ஆயுர்வேதத்திலிருந்தோ வந்ததன்று. 1947இல் சோவியத் அறிவியலாளர் நிகோலாய் லாசரெவ் அதை முன்வைத்தார்; பின்னர் விளாடிவஸ்தோக்கில் இஸ்ரேல் பிரெக்மன் எலியூதெரோகாக்கஸ் என்ற செடியை வைத்து அதை வளர்த்தெடுத்தார். அவர்கள் விதித்த இலக்கணப்படி, அத்தகைய பொருள் தீங்கற்றதாக இருக்க வேண்டும்; எந்த வகை நெருக்கடிக்கும் பொதுவாக உதவ வேண்டும்; கூடியதைக் குறைத்தும் குறைந்ததைக் கூட்டியும் உடலைச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதாவது யாருக்கும் பொருந்தும் என்பதே அதன் அடிப்படை. எல்லோருக்கும் பொருந்தும் மூலிகை என்று எதுவும் இல்லை என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை. இவை இரண்டையும் ஒரே விளம்பரத்தில் சேர்த்து "உங்கள் உடல்வாகுக்கேற்ற அடாப்டோஜென்" என்று விற்பவர்கள், இரண்டில் எதையும் முழுதாக ஏற்காதவர்கள் என்றே நினைக்கிறேன். ஐரோப்பிய மருந்துகள் முகமையும் 2008இல் இந்தச் சொல்லை மருந்தியல் வகைப்பாடாக ஏற்க இயலாது, இன்னும் தெளிவு தேவை என்று எழுதியது.

நடைமுறையில் இவை ஒன்றுபோல் செயல்படுவதும் இல்லை. ரோடியோலாவும் ஜின்செங்கும் ஊக்கமூட்டும் பக்கம் சாய்பவை. மாலையில் எடுத்தால் தூக்கம் கெடலாம். அஸ்வகந்தா சிலருக்கு உறக்கத்தைத் தரும். எனவே ஆளைப் பார்த்துக் கொடுப்பது என்ற எண்ணத்தை நான் புறந்தள்ளவில்லை. ஆனால் பார்க்க வேண்டியவற்றின் வரிசை வேறு: முதலில் ஏற்கெனவே உண்ணும் மருந்து, அடுத்து இருக்கும் நோய்கள், அதன் பிறகே உடல்வாகு.

அஸ்வகந்தாவுக்குச் சான்றே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2012இல் ஐதராபாத்தில் 64 பேரை வைத்து நடந்த ஆய்வில், வேர்ச்சாறு 300 மி.கி. வீதம் நாளுக்கு இரு வேளை 60 நாட்கள் பெற்றவர்களுக்கு, வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட மன அழுத்த மதிப்பெண்ணும் கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பின் அளவும் கூடுதலாகக் குறைந்தன. அதில் பங்கேற்றவர்களை வாதம், பித்தம் என்று பிரிக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் தைராக்சின் இருக்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், தைராய்டு சற்றே குறைந்திருந்த 50 பேரில் பாதிப் பேருக்கு நாளுக்கு 600 மி.கி. அஸ்வகந்தா 8 வாரங்கள் கொடுத்தபோது, தைராய்டு சுரப்பின் அளவு உயர்ந்தது. கேட்பதற்கு நல்ல செய்திபோலத் தோன்றும். ஏற்கெனவே மாத்திரை உண்பவருக்கு, இரண்டும் சேர்ந்து அளவு மிஞ்சினால் படபடப்பு, தூக்கமின்மை, உடல் சூடு ஆகியவைதான் விளையும். எந்தத் தொல்லைக்காக மூலிகையைத் தேடுகிறீர்களோ அதே தொல்லை! உங்கள் தைராக்சின் அளவே இப்போது கூடுதலாக இருக்கிறதா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். தைராய்டு நிலையைக் காட்டும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனையைக் கடைசியாக எப்போது செய்தீர்கள்? மேலும் 44 வயதில் நள்ளிரவுச் சூட்டைப் பித்தம் என்று மட்டும் கொள்ளாமல், மாதவிலக்கு நிற்கும் பருவத்துக்கு முந்தைய மாற்றமா என்று ஒரு மகப்பேறு மருத்துவரிடம் கேட்பது நல்லது.

கல்லீரல் பற்றியும் ஒரு சொல். அஸ்வகந்தா எடுத்தவர்களில் ஐந்து பேருக்கு ஏற்பட்ட கல்லீரல் பாதிப்பை ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020இல் பதிவு செய்தனர். மஞ்சள் காமாலையும் அரிப்பும் அதன் அடையாளங்கள். அரிதானதுதான், ஆனாலும் அத்தகைய அறிகுறி தெரிந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும். டென்மார்க் 2023இல் அஸ்வகந்தாவைத் தடையே செய்துவிட்டது. அது மிகையான நடவடிக்கை என்று வாதிடுவோரும் உண்டு. அதிமதுரத்தைக் குளிர்ச்சி என்று நம்பி நாள்பட உண்பவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் குறையும். இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

உங்கள் கணவருக்கு ரோடியோலா வேண்டாம். கனத்த உடல், பலத்த குறட்டை, பகல் உறக்கம் மூன்றும் சேர்ந்தால், உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய் இருக்கிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும். அதை "ஐய உடம்பு" என்று சொல்லி ஊக்க மூலிகையால் மூடிவிட்டால், நோய் உள்ளேயே வளரும்.

சரக்கு_வியாபாரி

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சீமை அமுக்கரா பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பகுதிகளிலிருந்து வருவது. பருத்து, மாவுத்தன்மையோடு, முறித்தால் உள்ளே வெண்மையாக இருக்கும் கிழங்கே தரமானது. மாத்திரையாக வாங்கினால், வேரா இலையா என்று உறையில் பாருங்கள். மரபில் உள்மருந்தாக வழங்கி வருவது வேர்தான். இலையைச் சேர்க்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே 2021இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. பிராமி என்று எழுதியிருந்தால் அது வல்லாரையாகவும் இருக்கலாம், நீர்ப்பிரமியாகவும் இருக்கலாம். தாவரவியல் பெயரையும் உரிம எண்ணையும் பார்க்காமல் வாங்காதீர்கள். ரோடியோலா நம் நாட்டுக் கடைச் சரக்கன்று. காட்டிலிருந்து அளவுக்கு மீறி எடுக்கப்படுவதால் 2022இல் அதைப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். விலை குறைவாகக் கிடைத்தால் ஐயப்படுங்கள்.

கணக்குப்பிள்ளை_மதுரை

மூவருக்கும் நன்றி. டிஎஸ்எச் பார்த்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. அதற்குள் என் எடையும் குறைந்திருக்கிறது. இந்த வாரமே இரத்தம் கொடுத்துவிடுகிறேன். தோழி தந்த புட்டியை இன்னும் திறக்கவில்லை, இனியும் திறக்கப்போவதில்லை. கணவரிடம் மூச்சுத் தடை பற்றிப் படித்துக் காட்டினேன். "குறட்டைக்கெல்லாம் டாக்டரா" என்று சிரித்தார், ஆனாலும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை வல்லாரையை உணவாகச் சேர்த்துக்கொள்ளலாமா? தண்ணீர்விட்டான் கிழங்கைப் பாலில் காய்ச்சிக் குடிக்கலாமா?

சித்தமருத்துவர்_நெல்லை

வல்லாரையைக் கீரையாக, துவையலாகவோ கூட்டாகவோ வாரத்தில் இரண்டு முறை உண்பதில் தடையில்லை. ஆனால் உடனடிப் பலனை எதிர்பார்க்க வேண்டாம். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், 40 பேரில் சிலருக்கு 12 கிராம் வல்லாரையை ஒரே வேளையில் கொடுத்தபோது, திடீர் ஒலிக்குத் திடுக்கிடும் தன்மை குறைந்ததாகக் கண்டார்கள். நாம் உண்ணும் ஒரு கரண்டித் துவையல் அந்த அளவுக்கு வெகு தொலைவில் இருக்கிறது. செறிவூட்டிய வல்லாரை மாத்திரைகளைக் கேட்காமல் நாள்பட உண்ண வேண்டாம். அவற்றாலும் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது.

தண்ணீர்விட்டான் கிழங்கைப் பரிசோதனை முடிவு வரும்வரை ஒத்திவையுங்கள். பிறகு தொடங்கினாலும், பால் எதுவாயினும் காலைத் தைராக்சினோடு சேரக் கூடாது என்பதால் இரவு வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்ததும் மதுரையிலேயே அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் நாடி பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது தைராய்டு அறிக்கையையும் உண்ணும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மருந்தியல்_ஆசிரியர்

ஒன்றைச் சேர்க்கிறேன். தைராக்சின் அளவை மருத்துவர் மாற்றினால், அதன் விளைவு இரத்தத்தில் முழுமையாகத் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் புதிய மூலிகை எதையும் தொடங்காதீர்கள். தொடங்கினால், மாற்றம் எதனால் வந்தது என்று உங்கள் மருத்துவராலும் சொல்ல இயலாது.