நாக்சோஸ் தீவில் கார் இல்லாமல் சுற்றுகிறோம். ஹால்கியில் மாலைப் பேருந்து வரவே இல்லை, எங்கே தவறினோம்?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். பெற்றோருடன் கிரேக்க நாட்டின் நாக்சோஸ் தீவுக்கு வந்து இன்று மூன்றாம் நாள். ஹோரா எனப்படும் துறைமுக நகரில், பேருந்துகள் புறப்படும் இடத்துக்கு அருகிலேயே அறை எடுத்திருக்கிறோம். வாடகைக் கார் எடுக்கும் எண்ணத்தோடுதான் வந்தோம். ஆனால் இந்திய உரிமம் மட்டும் போதாது, பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும் என்று வாடகை நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அதை ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கி வந்திருக்க வேண்டும், தவறு என்னுடையதுதான்.

நேற்று நண்பகலுக்குப் பின் பேருந்தில் ஏறி, தீவின் நடுவிலுள்ள ஹால்கி என்ற சிற்றூருக்குப் போனோம். 1896 முதல் கித்ரோன் என்ற மதுவை வடித்துவரும் பழைய வடிசாலை ஒன்று அங்கே இருக்கிறது. அந்த மதுவுக்கு மணம் தருவது நார்த்தை இனத்து மரத்தின் இலை என்று கேட்டதும், நார்த்தை இலையை இடித்து வேப்பிலைக்கட்டி செய்யும் என் அம்மா, இவ்வளவு நல்ல இலையை இப்படி வீணாக்குகிறார்களே என்று வருந்தினார். அதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது.

திரும்பும் நேரத்தை, ஒரு காப்பிக்கடையின் கதவில் கையால் எழுதி ஒட்டியிருந்த தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். ஹோராவுக்கு 7.20 என்று அதில் இருந்தது. ஏழு மணிக்கே சாலையோரம் வந்து, இருட்டிய பிறகும் எட்டேகால் வரை நின்றோம், பேருந்து வரவில்லை. கடைக்காரர் இரக்கப்பட்டு வாடகை மகிழுந்தை வரவழைத்துக் கொடுத்தார். கட்டணத்தைப் பற்றி அப்பா இன்னும் பேசுவதை நிறுத்தவில்லை.

நாளை மறுநாள் தீவின் வடகோடியிலுள்ள அப்பொல்லோனாஸுக்குப் போய், பழைய கல் வெட்டியெடுக்கும் குழியில் கிடக்கும் கூரோஸ் என்ற பண்டைய கிரேக்க ஆண் சிலையைப் பார்க்க ஆசை. மீண்டும் இப்படி நடுவழியில் நிற்காமல் பேருந்தையே நம்பிப் போக முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

ஒற்றையடிப்பாதை

முடிவு சொல்வதற்கு முன் இரண்டு விவரங்கள் வேண்டும். 7.20 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஏதேனும் எழுத்து இருந்ததா? நீங்கள் சாலையின் எந்தப் பக்கம் நின்றீர்கள்? பல ஊர்களில் நிறுத்தம் என்று ஒரு பலகைகூட இருக்காது. போகும் திசைக்கு உரிய பக்கத்தில் நின்று கையை நன்றாக நீட்டினால்தான் ஓட்டுநர் நிறுத்துவார்.

வைகைக்கரை

பக்கம் சரிதான், கடைக்காரரே காட்டினார். தாளைப் படம் எடுத்து வைத்திருந்தேன், இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். 7.20க்குப் பின்னால் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. முதலாவது, இரண்டு கால்களின் மேல் ஒரு கூரை வைத்ததுபோல் இருக்கிறது. அதற்கு மேல் இருக்கும் வரிகளில் அந்த எழுத்து இல்லை. ஒரே எழுத்தை இரண்டு முறை எழுதியிருக்கிறார்கள்.

ஒற்றையடிப்பாதை

அங்கேதான் தவறு நேர்ந்திருக்கிறது. கூரை வைத்த அந்த எழுத்து, வட்டத்தின் சுற்றளவுக் கணக்கில் நாம் படித்த பை. அது முன்னால் வந்தால் முற்பகல். ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் பிற்பகல். நீங்கள் மாலையில் எதிர்பார்த்தது காலை ஏழு இருபது வண்டியை. ஒரே எழுத்து இரட்டித்த வரிகளில் கடைசி நேரம் என்ன என்று பாருங்கள். உங்கள் உண்மையான கடைசி வண்டி அதுவாகத்தான் இருக்கும்.

வைகைக்கரை

4.45. அந்த வண்டி வந்தபோது நாங்கள் எதிர்த்திண்ணையில் உட்கார்ந்து தேன் ஊற்றிய தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அது எங்கள் கண்ணெதிரே நின்று போனது.

சலவைக்கல்

வணக்கம். நான் இந்தத் தீவில் இரண்டு முறை கார் இல்லாமலேயே தங்கியிருக்கிறேன். எழுத்துச் சிக்கல் தீர்ந்தாலும், இன்னொரு சிக்கலில் நீங்கள் மாட்டிக்கொள்ளக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

துறைமுகத்துக்கு எதிரே உள்ள பேருந்து அலுவலகத்தில் கிடைக்கும் அட்டவணையில், வண்டி ஹோராவிலிருந்து புறப்படும் நேரமும் கடைசி ஊரிலிருந்து திரும்பும் நேரமும் மட்டுமே இருக்கும். இடைப்பட்ட ஊர்களின் நேரத்தை நாமேதான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஹோராவிலிருந்து வரும் மலைப்பாதை ஹால்கி, ஃபிலோட்டி, அபிராந்தோஸ் என்ற வரிசையில் போகிறது. எனவே அபிராந்தோஸிலிருந்து திரும்பும் வண்டி அதே நேரத்துக்கு ஹால்கிக்கு வந்துவிடாது, பின்னால்தான் வரும். ஆனாலும் பத்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள். மலையில் ஏறி இறங்குபவர் குறைவாக இருந்தால் ஓட்டுநர் வேகமாகவே வந்துவிடுவார்.

பயணச்சீட்டைப் புறப்படும் முன் அந்த அலுவலகத்திலேயே, திரும்புவதற்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஊருக்குள் போய் எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று தேடி அலைவதைவிட அது எளிது. கோடையில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கை, கூட்டம் குறையும் மாதங்களில் வெகுவாகக் குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையை மலை ஊர்களுக்கு ஒதுக்கவே வேண்டாம். அட்டவணையில் கிரியாகி என்று இருந்தால் அது ஞாயிறு, கதிமெரினா என்று இருந்தால் நாள்தோறும். இந்த இரண்டு சொற்களின் எழுத்து வடிவத்தை அலுவலகத்தில் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பொல்லோனாஸுக்குப் பேருந்தில் போவது முடியாததல்ல. ஆனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வளைவுகளிலேயே போக வேண்டும், திரும்பவும் அதே. முழங்கால் வலி உள்ளவரை அவ்வளவு நேரம் மடக்கி உட்கார வைப்பது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. அபிராந்தோஸோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அந்த ஊரின் சந்துகள் முழுவதும் சலவைக்கல் பாவியவை, வாகனம் நுழையாது. படிகள் உண்டு என்றாலும் இரண்டு படிக்கு ஒரு திண்ணை உட்காரக் கிடைக்கும்.

ஒற்றையடிப்பாதை

சலவைக்கல் சொல்வதில் பேருந்தைப் பற்றிய பகுதியை ஏற்கிறேன், அபிராந்தோஸோடு நிறுத்திக்கொள்வதை ஏற்க முடியவில்லை. அவர்கள் வந்ததே கூரோஸைப் பார்க்க. கிட்டத்தட்ட 10.7 மீட்டர் நீளமுள்ள சிலை, கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாறையிலிருந்து முழுவதும் பிரிக்கப்படாமலே கைவிடப்பட்டு, மல்லாந்து கிடக்கிறது; தாடி இருப்பதால் தியோனிசோஸ் தெய்வமாக இருக்கலாம் என்கிறார்கள். ஊருக்குச் சற்று மேலே, சாலையோரத்திலிருந்து சில படிகள் ஏறினால் போதும். திரும்பும்போது அதே வண்டியைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் இருப்பதால், பேருந்திலிருந்து இறங்கியதும் முதலில் சிலையைப் பார்த்துவிட்டுப் பிறகு கடற்கரையில் உணவுக்குப் போகட்டும். மாற்றிச் செய்தால் 4.45 கதை மீண்டும் நடக்கும்.

முழங்கால்தான் தடை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. மேலானெஸ் அருகே ஃப்ளேரியோவில் இதே போன்ற கூரோஸ், இதைவிடச் சிறியது, ஒரு தோட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது. ஹோராவிலிருந்து வாடகை மகிழுந்தில் குறைந்த தூரம். ஏறும் முன்பே காத்திருப்பதற்கும் சேர்த்துத் தொகை பேசிக்கொள்ளுங்கள். தீவில் மகிழுந்துகள் மிகுதியாக இல்லை. விட்டுவிட்டால் மறுபடி அழைத்து வரவழைப்பது கடினம்.

வைகைக்கரை

இருவருக்கும் நன்றி. சலவைக்கல் அக்கா சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இரண்டு மணி நேரம் உட்காரத் தெரியாதவளா நான், மதுரையிலிருந்து சென்னைக்கு எத்தனை முறை பேருந்தில் போயிருக்கிறேன்" என்று அவர் கேட்டதும் முடிவாகிவிட்டது.

வைகைக்கரை (இரண்டு நாள் கழித்து)

போய் வந்துவிட்டோம். போக வரச் சீட்டுகளை முதல் நாள் மாலையே வாங்கி, அலுவலகத்திலிருந்த பெண்மணியிடம் திரும்பும் நேரத்தை எழுதித் தரச் சொன்னேன். அவர் இருபத்துநான்கு மணிக் கணக்கிலேயே எழுதித் தந்தார். அப்பாவுக்கு வளைவுகளில் குமட்டல் வந்ததால் ஓட்டுநருக்குப் பின்னிருக்கைக்கு மாறினார். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலையின் காலருகே உளியின் தடங்கள் இன்னும் வரிவரியாகத் தெரிகின்றன. மார்புக்கு மேல் விரிசல்கள் இருக்கின்றன.

திரும்பும் வண்டி குறித்த நேரத்துக்கு ஏழு நிமிடம் பிந்தி வந்தது. அந்த ஏழு நிமிடமும் அப்பா என் கையிலிருந்த தாளை வாங்கி, எழுத்துகள் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.