புதுப்பிப்பு: மேரி டயரின் பிறந்த வீடு

நாடுகடத்தல் ஆணையை மீறித் திரும்பியதற்காக 1660 ஜூன் 1 அன்று பாஸ்டனில் தூக்கிலிடப்பட்ட குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) பெண் மேரி டயர். அவரைப் பற்றிய போன பதிவில் ஒரு முடிச்சை அவிழ்க்காமல் விட்டிருந்தேன். அவர் லண்டனில் வில்லியம் டயரை மணந்தது 1633 அக்டோபர் 27. ஆனால் இறந்துபோன தன் சகோதரர் வில்லியம் பாரெட்டின் சொத்தை நிர்வகிக்கும் உரிமை தரும் ஆவணத்தின் தேதி 1633 ஜனவரி 18. அதிலேயே மேரி, வில்லியம் டயரின் மனைவி என்று இருக்கிறது! கல்யாணத்துக்கு முன்பே எப்படி?

விடை நாட்காட்டியில் இருந்தது. அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல். அந்த ஜனவரி, நம் கணக்கில் 1634. கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை, சரியாகப் பொருந்துகிறது.

குவேக்கர் பதிவுகளைத் தேடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். மாதப் பெயர்களைத் தவிர்த்து 'முதல் மாதம்' என்றே எழுதுவார்கள். 1752-க்கு முன் அது மார்ச், ஜனவரி அல்ல.

அப்புறம், மேரி அரச குடும்பத்து ஆர்பெல்லா ஸ்டூவர்ட்டின் ரகசிய மகள் என்ற கதை. பாரெட் என்ற சகோதரர் ஆவணத்திலேயே நிற்கும்போது அதை என்னால் ஏற்க முடியாது. என் வம்ச வரைபடத்திலிருந்து ஆர்பெல்லாவை எடுத்துவிட்டேன்.