30 மணி நேரமா, 3 மணி நேரமா? பிஎச்.டி. எதிக்ஸ் பாடம் பற்றி

களியக்காவிளை ஜெபா:
பாறசாலை சுதன் நேற்று வேறொரு இழையில் எழுதியதை அப்படியே போடுகிறேன்: "பயோமெடிக்கல் பிஎச்.டி. சேருகிறவர்களுக்கு 30 மணி நேர எதிக்ஸ் பாடம் ஏற்கெனவே கட்டாயம். அதற்கு மேல் பயோஎதிக்ஸ் வேண்டும் என்பது லேப் வாசலையே மிதிக்காதவர்கள் கிளப்புகிற பிரச்சினை."

பயோஎதிக்ஸ் என்றால் நோயாளியின் சம்மதம், பாதுகாப்பு பற்றிய மருத்துவ அறநெறி. லேப் வாசலை மிதிக்காதவள் என்று அவர் சொன்னது என்னைத்தான். சரி, நான் லேபில் இல்லை, வார்டில் இருக்கிறேன். ஆராய்ச்சிக்கு நோயாளிகளைச் சேர்க்கும்போது அவர்கள் பக்கத்தில் நிற்பதுதான் என் வேலை.

அந்த 30 மணி நேரம் என்ன என்று பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2019 டிசம்பரில் கட்டாயமாக்கிய 2 கிரெடிட் பாடம் அது. ஆறு அலகுகள். தத்துவமும் அறநெறியும் 3 மணி நேரம். ஆராய்ச்சி நடத்தை 5. பதிப்பு நெறி 7, ஓப்பன் அக்சஸ் (கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்க விடுவது) 4, பதிப்பு முறைகேடு 4, ஆய்வாளரையும் இதழையும் எடைபோடும் எச்-இண்டெக்ஸ், இம்பாக்ட் ஃபேக்டர் வகையறா எண்கள் 7. கூட்டிக்கொள்ளுங்கள். நோயாளிக்கென்று ஒரு அலகுகூட இல்லை. எதிக்ஸ் என்று பெயர் சொல்லி நடப்பது 3 மணி நேரம்.

பாறசாலை சுதன்:
ஜெபாக்கா, பாடத்தின் பெயரிலேயே எதிக்ஸ் இருக்கிறது. 30 என்றால் 30தான். நான் படித்துத் தேறியவன், சான்றிதழ் கையில் இருக்கிறது. நீங்கள் இணையத்தில் பாடத்திட்டத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். அடுத்தவன் கட்டுரையைத் திருடாதே, டேட்டாவைத் திரிக்காதே என்பதெல்லாம் எதிக்ஸ் இல்லையா?

இன்னொன்று. என்னைப்போல மெட்டீரியல்ஸ் பக்கமிருந்து வருகிறவனுக்கு லேபில் செல்களை வளர்க்கும் செல் கல்ச்சர் தெரியவேண்டும், புள்ளியியல் தெரியவேண்டும், உடம்புக்குள் வைக்கும் பொருளைச் சோதிக்கிற ஐ.எஸ்.ஓ. 10993 தெரியவேண்டும். நான்கு துறையை ஒரே தலையில் ஏற்றிக்கொண்டு திரிகிறோம். ஐந்தாவதாக ஒன்றைத் தூக்கி வைக்காதீர்கள். அதற்குத்தான் ஆய்வைப் பரிசீலித்து அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டி இருக்கிறதே.

மார்த்தாண்டம் ஷாஜி:
சுதன் எப்போதுமே இப்படித்தான். போன வருஷம் நீட் கோச்சிங் பற்றிப் பேசியபோதும் சான்றிதழைத்தான் காட்டினார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

பாறசாலை சுதன்:
ஷாஜி, நீட் கதையை இங்கே இழுக்காதீர்கள். அன்றைக்கு நான் சொன்னதுதான் சரி.

சித்தூர் வெங்கட்:
எங்கள் ஆந்திரா பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். 2009-இல் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வு நடந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள் பலர். அம்மா அப்பா போடவேண்டிய கையெழுத்தை எத்தனையோ படிவங்களில் வார்டனும் தலைமையாசிரியரும் போட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் நிறுத்தினார்கள். 2013-இல் நாடாளுமன்றக் குழு கடுமையாக அறிக்கை கொடுத்தது. கமிட்டி பார்த்துக்கொள்ளும் என்று சுதன் சொல்வதை அந்தப் பெற்றோரிடம் போய்ச் சொல்லச் சொல்லுங்கள்.

பாறசாலை சுதன்:
கம்மம் தெலங்கானாவில் இருக்கிறது. அங்கே நடந்த இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு இல்லை என்று விசாரணையில் சொன்னார்கள், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அப்புறம், அதை நடத்தியது பிஎச்.டி. மாணவர்களா?

சித்தூர் வெங்கட்:
2010-இல் தெலங்கானா எங்கே இருந்தது? மாநிலம் பிரிந்தது 2014-இல். நான் இறப்பைப் பற்றிப் பேசவே இல்லை, கையெழுத்தைப் பற்றிப் பேசினேன். படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறை கந்தசாமி:
நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒரு எதிக்ஸ் கமிட்டியில் பொதுமக்கள் சார்பு உறுப்பினராக உட்காருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி கமிட்டியில் 7 முதல் 15 பேர், பாதிப்பேராவது வெளியாட்கள், தலைவரும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். எங்களிடம் வருகிற ஸ்காலர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் "நோயாளி பாதியில் விலகினால் அவரிடம் எடுத்த ரத்த மாதிரியை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் உடனே கைடு முகத்தைப் பார்க்கிறார்கள். கைடு எங்களைப் பார்க்கிறார். முதலில் பயிற்சி கைடுக்குத்தான் வேண்டும் என்பேன். 3 மணியா 30 மணியா என்பது இரண்டாம்பட்சம்.

களியக்காவிளை ஜெபா:
வாத்தியாரே, இரண்டாம்பட்சம் இல்லை. 30 என்று சொல்லிச் சொல்லித்தான் எல்லோர் வாயையும் அடைக்கிறார்கள். அது 3 மணி நேரம்.

பாறசாலை சுதன்:
ஆராய்ச்சி நடத்தை என்று 5 மணி நேரம் இருப்பதாக நீங்களே எழுதினீர்கள். அப்படியானால் 8. உங்கள் கணக்கிலேயே 3 இல்லை.

வெளிப்படையாகவே கேட்கிறேன். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ராவில் செய்த இதய வால்வு எத்தனை ஆயிரம் பேர் நெஞ்சில் ஓடுகிறது? முதல் மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவது மாதிரி 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. அதைச் செய்த எஞ்சினியர்கள் எந்த பயோஎதிக்ஸ் வகுப்பில் உட்கார்ந்தார்கள்?

மார்த்தாண்டம் ஷாஜி:
எஞ்சினியர்கள் மட்டும் செய்தார்களா? அந்த முயற்சியை முன்னால் நின்று நடத்திய எம்.எஸ்.வலியத்தான் இதய அறுவை மருத்துவர். எல்லாப் பெருமையையும் உங்கள் துறைக்கே எழுதிக்கொள்ளாதீர்கள்.

பாறசாலை சுதன்:
வால்வில் திறந்து மூடும் டிஸ்க்கை எந்தப் பொருளில் செய்வது, அதைத் தாங்கும் ஸ்ட்ரட் ஏன் உடைகிறது என்று கண்டுபிடித்தது யார்? அறுவை மருத்துவரா? தெரியாத விஷயத்தில் தலையிடாதீர்கள்.

மார்த்தாண்டம் ஷாஜி:
ஆட்டுக்கு வால்வை வைத்து மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்த கால்நடை மருத்துவர்களையும் விட்டுவிட்டீர்கள். என் மாமா கால்நடை மருத்துவர். அவர்களை யாரும் ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்வதில்லை.

கொழிஞ்சாம்பாறை கந்தசாமி:
1980-லேயே ஐ.சி.எம்.ஆர். மனிதர்களை வைத்து நடத்தும் ஆய்வுக்கான அறநெறி அறிக்கையை வெளியிட்டுவிட்டது. ஆக, அந்த வால்வு வந்த காலத்தில் நெறி என்று ஒன்று இல்லாமல் இல்லை.

களியக்காவிளை ஜெபா:
வால்வு யாருடையது என்று நீங்கள் அடித்துக்கொள்வதற்குள் நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

சுதன் தம்பி, திருவனந்தபுரத்தைப் பற்றிப் பேசுவதென்றால் முழுசாகப் பேசவேண்டும். மண்டல புற்றுநோய் மையத்தில் 1999-2000-இல் வாய்ப் புற்றுநோயாளிகளின் கட்டியில் ஒரு புது ரசாயனத்தை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரோடு சேர்ந்து செய்த ஆய்வு. ஹாப்கின்ஸ் எதிக்ஸ் குழுவிடம் முன் அனுமதி வாங்கவில்லை. 2001-இல் அந்தப் பல்கலைக்கழகமே விசாரித்து, மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுக்குத் தலைமை தாங்க அவருக்குத் தடை போட்டது. அந்தப் பேராசிரியர் மருத்துவர் இல்லை. உயிரியல் துறையைச் சேர்ந்தவர், லேபில் பேர் வாங்கியவர். லேபிலிருந்து வார்டுக்கு வரும் வழியில் என்னவெல்லாம் கேட்கவேண்டும் என்பதை யாராவது கற்றுக்கொடுத்தால்தானே தெரியும்? பல துறை சேர்ந்த ஆராய்ச்சி என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, ஆபத்து அந்தச் சந்திப்பில்தான் இருக்கிறது. மருத்துவனுக்கு எஞ்சினியர் பார்ப்பான் என்ற நினைப்பு, எஞ்சினியருக்குக் கமிட்டி பார்க்கும் என்ற நினைப்பு.

போன மாதம் வார்டில் நடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். கொல்லங்கோடு பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, எழுதப் படிக்கத் தெரியாது. ஸ்காலர் பையன் படிவத்தை மடமடவென்று வாசித்தான். முதல் பக்கம் முடிவதற்குள்ளேயே மை பேடைத் திறந்து கட்டில்மேல் வைத்துவிட்டான். பாட்டி கேட்டார், "இதுல விரல் வைக்கலன்னா எனக்கு மருந்து தரமாட்டியளா மக்களே?" பையனுக்குப் பதில் வரவில்லை. "அதெல்லாம் தருவாங்க, வையுங்க" என்றான். படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது விதி. அது அவனுக்குத் தெரியவே இல்லை. நான் நிறுத்தினேன். நீங்கள் வேண்டாம் என்றாலும் இதே மருந்து, இதே டாக்டர் என்று பாட்டியிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். பையன் என்மேல் கோபப்பட்டான், எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிட்டதாம். அவனும் உங்கள் 30 மணி நேரத்தைத் தேறியவன்தான்.

பாறசாலை சுதன்:
ஒரு பையன் செய்ததை வைத்து எல்லா ஸ்காலர்களையும் குற்றம் சொல்கிறீர்கள். சாட்சி வைக்கவேண்டும் என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கும், வாசிக்காதது அவன் தப்பு. இன்னும் 20 மணி நேர வகுப்பு வைத்தால் மட்டும் வாசித்துவிடுவானா?

சித்தூர் வெங்கட்:
கம்மத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

களியக்காவிளை ஜெபா:
வகுப்பு வேண்டும் என்று நான் எங்கே கேட்டேன்? மனிதர்களைத் தொடுகிற தீசிஸ் என்றால், பதிவு செய்வதற்கு முன்னால் ஸ்காலரை வார்டில் கொண்டுவந்து உட்காரவையுங்கள். பத்து நோயாளிகளிடம் சம்மதம் கேட்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். ஒருவராவது மாட்டேன் என்று சொல்வதைக் கேட்கட்டும். கமிட்டிக் கூட்டத்துக்கு ஒரு நாள் வாத்தியார் பக்கத்தில் போய் உட்காரட்டும். கட்டுரை திருடுவதைப் பிடிக்க சாஃப்ட்வேர் இருக்கிறது. பாட்டி கேட்ட கேள்விக்கு எந்த சாஃப்ட்வேர் பதில் சொல்லும்?

பாறசாலை சுதன்:
அதற்கு ஆகும் மாதங்களுக்கு ஃபெலோஷிப்பை யார் நீட்டிப்பார்கள்? ஐந்து வருஷத்தில் பணம் நின்றுவிடும். வார்டில் மாதச் சம்பளம் வாங்குகிற உங்களுக்கு அது புரியாது.

களியக்காவிளை ஜெபா:
என் சம்பளத்தைப் பற்றிப் பேசாதீர்கள். எனக்கு வருவது தினக்கூலி.

மார்த்தாண்டம் ஷாஜி:
சுதன், முதலில் அக்காவிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

பாறசாலை சுதன்:
எதற்கு மன்னிப்பு? ஃபெலோஷிப் ஐந்து வருஷத்தோடு நிற்பது உண்மைதானே?

கொழிஞ்சாம்பாறை கந்தசாமி:
பத்து நோயாளிகள் போதாது, கைடையும் கூடவே உட்காரவைக்கவேண்டும்.

பாறசாலை சுதன்:
வாத்தியாரே, எந்தக் கைடு ஒத்துக்கொள்வார்? ஒரு பெயர் சொல்லுங்கள் பார்ப்போம்.