சொந்த மாநிலத்தில் மருத்துவக் கல்லூரி இல்லாதபோது: விண்ணப்பித்தவர்களின் அனுபவங்கள்

நியூவர்க், டெலவேர் (ஓர் அம்மா)

அமெரிக்காவில் பிள்ளையை மருத்துவம் படிக்க வைக்க நினைக்கும் தமிழ்க் குடும்பங்களில் சிலருக்கு மட்டும் வரும் சிக்கல் இது. எங்களுக்கு வந்தது, அதனால் எழுதுகிறேன்.

டெலவேரில் மருத்துவக் கல்லூரி கிடையாது. பக்கத்தில் பென்சில்வேனியா, மேரிலாந்து, நியூ ஜெர்சி மூன்றிலும் உண்டு. ஆனால் அரசுக் கல்லூரிகள் அந்தந்த மாநிலத்து வரிப்பணம் வாங்குபவை. உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை. டெக்சாஸில் வெளிமாநிலத்தவரை நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆக, நம் பிள்ளை எங்கே போட்டாலும் வெளியாள். என் மகள் மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் நன்றாகவே மதிப்பெண் வாங்கியிருந்தாள். பக்கத்து மாநிலத்து அரசுக் கல்லூரி ஒன்று அவளை நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. அவளைவிடக் குறைவாக வாங்கிய தோழி, அந்த மாநிலத்துக்காரி, அங்கேயே சேர்ந்துவிட்டாள். அந்தப் பிள்ளை மேல் வருத்தமில்லை. ஆனால் மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்புறம்தான் அவளுடைய பேராசிரியர் ஒருவர் டிஐஎம்இஆர் பற்றிச் சொன்னார். கல்லூரி கட்டுவதற்குப் பதிலாக 1969-இல் டெலவேர் செய்துகொண்ட ஏற்பாடு அது. பிலடெல்பியாவில் இருக்கும் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் டெலவேர் மாணவர்களுக்கென்று 20 இடங்கள் உண்டு. 2000-இல் அதே ஊரின் ஆஸ்டியோபதிக் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தது. அங்கே கிடைப்பது டிஓ பட்டம். மற்ற மருத்துவக் கல்லூரிகள் தரும் எம்டி பட்டம் மாதிரியே முழு மருத்துவராகப் பணிபுரியலாம், அதில் தயக்கம் வேண்டாம். வில்மிங்டனிலிருந்து பிலடெல்பியாவுக்கு ரயிலிலேயே போய்விடலாம்.

நேர்காணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளிடம் முதலில் கேட்டது, “சசெக்ஸ் கவுண்டியை உனக்கு எவ்வளவு தெரியும்?” என்றுதான். மாநிலத்தின் தென்பகுதி அது. கடற்கரைப் பக்கம் ஓய்வுபெற்ற முதியவர்கள், உள்ளே போனால் கோழி இறைச்சி ஆலைகள், அவற்றில் வேலை செய்யும் குவாத்தமாலா நாட்டு மக்கள். மருத்துவர்கள் போதாத இடம். கோடை விடுமுறையில் அங்கே ஓர் இலவச மருத்துவ மையத்தில் பெயர் பதியும் வேலை செய்திருந்தாள் மகள். ஆலைத் தொழிலாளி ஒருவர், கோழி வெட்டி வெட்டிக் கை மரத்துப்போய், ஷிப்டை விட்டு வர முடியாமல் பல மாதம் கழித்து வந்ததைச் சொன்னாள். அவரோடு ஸ்பானிஷில் பேச அவள் தடுமாறியது, அவருடைய மகன் வந்து மொழிபெயர்த்தது எல்லாம் சொன்னாள். கேட்டவர் விடவில்லை. நரம்பு மருத்துவரைப் பார்க்க அவர் எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது, போனாரா, வேலை என்ன ஆயிற்று என்று நேரம் முழுக்க அந்த ஒரு நோயாளியைப் பற்றியே பேச்சு.

மாநிலம் அந்த இடங்களை வாங்கி வைத்திருப்பது நாளைக்குத் தனக்கு மருத்துவர் வேண்டும் என்பதற்காக. முகவரிச் சான்று எல்லாரிடமும் இருக்கும். அந்த ஊர் மனிதர்களைத் தெரிந்த பிள்ளையைத்தான் தேடுகிறார்கள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. மகள் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

லாரமி, வயோமிங்

அக்கா சொன்னது எங்கள் மாநிலத்துக்கு இன்னும் பொருந்தும். 2020 கணக்கெடுப்பில் வயோமிங்கின் மொத்த மக்கள்தொகை ஆறு லட்சத்தைத் தொடவில்லை. எங்களுக்கு வாமி என்ற திட்டம். சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1971-இல் அலாஸ்கா, மொன்டானா, ஐடஹோ மாநிலங்களோடு தொடங்கியது. வயோமிங் 1996-இல் சேர்ந்தது. ஆண்டுக்கு 20 இடம். முதல் ஒன்றரை ஆண்டு சொந்த ஊரான லாரமியிலேயே படித்தேன். பிறகு ஐந்து மாநிலங்களில் எந்த ஊர் மருத்துவமனைக்கும் அனுப்புவார்கள். பட்டம் மட்டும் சியாட்டில் பல்கலைக்கழகம் தருகிறது.

என் நேர்காணலில் ஒரு குடும்ப மருத்துவர் கேட்டார்: “ஐ-80 நெடுஞ்சாலை பனியில் மூடிவிட்டது, ஹெலிகாப்டரும் வராது, உன் முன்னால் பிரசவ வலியில் ஒரு பெண். யாரைக் கூப்பிடுவாய்?” இங்கே வளர்ந்தவர்களுக்கு அந்தச் சாலை மூடுவது குளிர்காலம் முழுக்க நடக்கும் சமாச்சாரம். “என்னால் தனியாக முடியாது, ஊரில் அனுபவமுள்ள நர்ஸை முதலில் கூப்பிடுவேன், பெரிய மருத்துவமனையைத் தொலைபேசியில் வைத்துக்கொள்வேன்” என்றேன். “நர்ஸை முதலில் சொன்னாயே, நல்லது” என்றார்.

ஒன்று மறக்காதீர்கள். கையெழுத்துப் போட்டுத்தான் சேர வேண்டும். பயிற்சி முடிந்து திரும்பி வந்து 3 ஆண்டு வயோமிங்கில் பணிபுரிய வேண்டும், இல்லாவிட்டால் மாநிலம் செலவழித்ததை வட்டியோடு கட்ட வேண்டும். அம்மா பயந்தார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

பாய்சி, ஐடஹோ

ஐடஹோவுக்கு வாமியில் 40 இடம் உண்டு. 2018-இல் பக்கத்து மெரிடியனில் தனியார் ஆஸ்டியோபதிக் கல்லூரியும் வந்தது. என் மகனுக்கு இரண்டுமே வழியாகவில்லை. நாங்கள் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். நான்கு வயதில் வந்தவன், பள்ளி முழுக்க இங்கேதான். ஆனாலும் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ கேட்கின்றன. 21 வயதானதும் பெற்றோரைச் சார்ந்த எச்-4 விசா போய் மாணவர் விசாவுக்கு மாறினான். மாநிலத்துக்கு இத்தனை வருடம் வரி கட்டியிருக்கிறோம், அந்த மாநிலத்துப் பிள்ளை என்று மட்டும் சொல்ல முடியவில்லை. விசாவில் இருப்பவர்களை எடுக்கும் தனியார் கல்லூரிகள் சில உண்டு, அவற்றுக்குத்தான் போட்டிருக்கிறான். அதிலும் சில இடங்களில் முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே காட்டச் சொல்கிறார்கள். எங்கள் நிலையில் இருப்பவர்கள் பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே இந்தப் பட்டியலைத் தேடிப் பாருங்கள்.

நியூவர்க், டெலவேர்

பாய்சி அண்ணா, படித்துவிட்டு மனம் கனத்துவிட்டது. தம்பிக்கு இடம் கிடைத்தால் கட்டாயம் இங்கே எழுதுங்கள்.

கல்லூரி இருக்கும் மாநிலத்துக்குக் குடும்பத்தோடு மாறிவிடலாமா என்று ஒரு தங்கை தனியாகக் கேட்டிருந்தார். என் கருத்தில் வேண்டாம். குடியிருப்பு விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. படிப்பதற்காக மட்டும் வந்தவர்களைப் பல இடங்களில் உள்ளூராக ஏற்க மாட்டார்கள். அதைவிட, உங்கள் மாநிலத்துக்கு ஒப்பந்தம் உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் தனியார் கல்லூரிகளைப் பாருங்கள், அவற்றில் பலவற்றுக்கு மாநிலம் பெரிய விஷயமில்லை. மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏஏஎம்சி வெளியிடும் எம்எஸ்ஏஆர் பட்டியலில் ஒவ்வொரு கல்லூரியும் வெளிமாநிலத்தவரை எத்தனை பேர் எடுத்தது என்று இருக்கும். கொஞ்சம் பணம் கட்டிப் பார்க்க வேண்டும், ஆனால் வீணாக விண்ணப்பக் கட்டணம் கட்டுவதைவிட அது மலிவு. பல கல்லூரிகளுக்கும் பொதுவான ஆம்காஸ் விண்ணப்பம் மே மாதம் திறக்கும், மாதக் கடைசியிலிருந்து அனுப்பலாம். வர வர இடத்தை நிரப்பிக்கொண்டே போகும் கல்லூரிகள் நிறைய. ஜூன் தாண்டவிடாதீர்கள்.