ஹோண்டா சி.பி. 400 எஃப் (1976) முன் பிரேக் கேலிப்பர்: பிஸ்டன், சீல் எங்கே வாங்கலாம்?

செம்பனைக்காட்டு சிபி:
வணக்கம் அண்ணன்மார்களே. மலேசியா, சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுறேன். பல வருஷம் ஸ்டோர்ல கிடந்த பைக். பிரேக்கைப் பிடிச்சா பிடிக்குது, விட்டா விடமாட்டேங்குது. கேலிப்பரை (பேடை டிஸ்க் மேல அழுத்துற கூடு) கழற்றிட்டேன். பிஸ்டன் வாய்ப்பக்கம் குரோம் உரிஞ்சு குழி விழுந்திருக்கு. உள்சுவர்லயும் கறுப்புப் புள்ளிகள். இங்க உள்ள கடைகள்ல கப்சாய் (சின்ன பைக்) சாமான்தான் இருக்கு. ஆன்லைன்ல முழு கேலிப்பரா தேடணுமா, இல்ல பிஸ்டனும் சீலும் மாத்தினா போதுமா? உள்சுவரைச் சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்க்கலாமா?

கிந்தா லேத்:
தம்பி, சாண்ட்பேப்பரைக் கீழ வைங்க. இந்தக் கேலிப்பர்ல எண்ணெயை நிறுத்துறது சுவர் இல்ல. சதுர வெட்டு சீல் ஒன்னு சுவர்ல உள்ள காடிக்குள்ள (வளையப் பள்ளம்) உட்கார்ந்து பிஸ்டன் மேல அழுத்துது, நிறுத்துறது அதுதான். அதனால சுவர்ல நாலு புள்ளி இருந்தா ஒன்னும் ஆகாது. பிஸ்டன் மேல, சீல் தொடுற இடத்துல, நகத்துக்குத் தட்டுப்படுற அளவு குழி இருந்தா அந்தப் பிஸ்டன் செத்த சாமான். சுவரைத் தேய்ச்சு அகலமாக்கினாத்தான் பிஸ்டன் ஆடி, சீல் கிழியும்.

முக்கியமான இடம் அந்தக் காடி. பிரேக் எண்ணெய் ஈரத்தை இழுக்கும், நம்ம ஊர் காத்துல சொல்லவே வேணாம். சீலுக்குப் பின்னாடி அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பொடி கட்டும். பொடி சீலை முன்னாடி தள்ளும், சீல் பிஸ்டனை இறுக்கும். உங்க பிரேக் விடாததுக்கு முதல் சந்தேகம் இதுதான். பித்தளைக் கம்பியை வளைச்சு, காடியோட மூலை ரெண்டையும் சுரண்டி எடுங்க. கூரான இரும்பு வேணாம், காடியில கீறல் விழுந்தா அங்கேயே கசியும்.

பிஸ்டனை லேத்துல செய்யலாம். ஈப்போ, மெங்லெம்பு பக்கம் தவுக்கேகிட்ட (கடை முதலாளி) 316 ஸ்டெயின்லெஸ் ராடுன்னு சொல்லுங்க. கேலிப்பரை அளந்து செய்யச் சொல்லாதீங்க. பழைய பிஸ்டன்ல தேயாத பகுதியை மைக்ரோமீட்டர்ல மூணு இடம் அளந்து, அதே அளவு, மிஞ்சிப் போனா 0.02 மில்லிமீட்டர் குறைவு. வெளிப்பக்கம் பாலிஷ், சீலுக்குள்ள நுழையுற முனையை லேசா மழுக்கணும். கூர்முனையோட தள்ளினா புது சீல் அன்னைக்கே காலி.

பார்ட் நம்பர் பைத்தியம்:
சீலை மட்டும் லோக்கல்ல தேடாதீங்க. ஆலைக்கு ஹைட்ராலிக் சாமான் விக்கிற கடையில "இதே சைஸ் ஓ-ரிங் இருக்கு பாஸ்"னு தருவாங்க. அது பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர், டாட் 3, டாட் 4 பிரேக் எண்ணெய்ல ஊதிப்போகும். பிரேக்குக்கு வேண்டியது இ.பி.டி.எம்.ங்கிற வேற வகை ரப்பர். இன்னொன்னு, பிரேக்கை விட்டதும் பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னாடி இழுக்கிறது சதுர சீலோட முறுக்கம்தான். உருண்டை வளையம் அந்த வேலையைச் சரியாச் செய்யாது.

தேடுறப்ப வண்டிப் பேரைப் போடாதீங்க, நம்பரைப் போடுங்க. பழைய ஹோண்டா நம்பர் 5-3-3 இலக்கம். 45-ல ஆரம்பிச்சா முன் பிரேக். நடுவுல உள்ள மூணு, அந்தச் சாமான் முதல்ல எந்த வண்டிக்கு வரைஞ்சதுன்னு காட்டும்: 300-ன்னா சி.பி. 750, 323-ன்னா சி.பி. 500, 333-ன்னா சி.பி. 350 எஃப், 377-ன்னா உங்க வண்டி. உங்க பார்ட்ஸ் லிஸ்ட்ல நடுவுல 377 இல்லாம வேற எண் இருந்தா தப்புன்னு நினைக்காதீங்க, நல்ல சேதி அது. சி.பி. 750 பல மடங்கு வித்த வண்டி, சாமான் இன்னும் ஓடுது. கடைசி மூணு இலக்கம் திருத்தம். அது மட்டும் மாறியிருந்தா பெரும்பாலும் பழசுக்குப் பதிலா வந்த புதுசு, கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

இங்கிலாந்துல டேவிட் சில்வர் ஸ்பேர்ஸ், நெதர்லாந்துல சி.எம்.எஸ்.என்.எல். ரெண்டுலயும் நம்பர் போட்டுத் தேடலாம். பதிவு பெற்ற ஆன்லைன் தளங்கள்ல 500 வெள்ளிக்கு உட்பட்ட வெளிநாட்டுச் சாமானுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு வரி உண்டு. சீல், காப்பர் வாஷர், பிளீட் நிப்பிள் (எண்ணெயும் காத்தும் வெளியேத்துற முனை), பேட் எல்லாம் ஒரே பார்சல்ல எடுங்க, தபால் செலவுதான் கொல்லும். போல்ட் வாங்குறப்ப புரி இடைவெளி பாருங்க: எம்10-ல 1.0-உம் இருக்கு, 1.25-உம் இருக்கு. தப்பானதை முறுக்கினா அலுமினியப் புரி போயிடும்.

செம்பனைக்காட்டு சிபி:
நன்றி அண்ணே. லிஸ்ட்ல பார்த்தேன், ரெண்டு நம்பர்ல நடுவுல 377 இல்லவே இல்ல! பழைய சீலைப் பெட்ரோல்ல கழுவி வச்சிருக்கேன், அவசரத்துக்கு ஆகுமா?

கிந்தா லேத்:
ஆகாது. இ.பி.டி.எம். ரப்பருக்குப் பெட்ரோல், டீசல், சாதா கிரீஸ் மூணும் விஷம். கேலிப்பரையே பெட்ரோல்ல கழுவியிருந்தா பிரேக் கிளீனர் அடிச்சு நல்லாக் காயவிட்டுத்தான் புது சீல் போடணும். பொருத்துறப்ப சீல் மேல புது பிரேக் எண்ணெய் தடவுங்க, போதும்.

பழைய டயர்:
எல்லாரும் கேலிப்பரையே பார்க்கிறீங்க. திரும்ப மாட்டினதும் பிரேக் விடலைன்னா இப்படிச் சோதிங்க. பிரேக் பிடிச்சு நிக்கும்போது மேல ஹேண்டில்ல உள்ள மாஸ்டர் பம்ப் (லிவரைப் பிடிச்சா எண்ணெயைத் தள்ளுறது) பக்கம் ஹோஸ் ஜாயின்டைக் கொஞ்சம் தளர்த்துங்க. வீல் விட்டா குற்றம் மாஸ்டர்ல: டாங்கிக்கு எண்ணெய் திரும்புற ஊசித்துளை அடைச்சிருக்கும். விடலைன்னா கீழ பிளீட் நிப்பிளைத் திறங்க. இப்ப விட்டா ஹோஸ் உள்ளே ஊதி அடைச்சிருக்கு. அந்தக் காலத்து ஹோஸா இருந்தா சோதிக்காமலே மாத்திடுங்க. அப்பவும் விடலைன்னா பிஸ்டன், இல்லாட்டி கேலிப்பரைத் தாங்குற கை ஆடுறதுக்கான பின். அந்தப் பின் துருப்பிடிச்சு இறுகினா ஒரு பேட் மட்டும் தேயும். கழற்றி, துடைச்சு, பிஸ்டன் சீல்ல படாம கிரீஸ் போட்டு, விரல்ல தள்ளினா ஆடணும்.

பேட் வட்டமானது, பிஸ்டன் பக்கத்துப் பேட் அதே குழிக்குள்ள நகரும். புதுப் பேட்டோட ஓரத்துல பெயின்ட் தடிப்பா இருந்தா அங்கேயும் சிக்கும். ஓரத்தைத் தேய்ச்சு, கையாலே உள்ளே போய் வர்ற மாதிரி செய்யுங்க. கடைசியா அந்தக் கையில உள்ள ஸ்டாப்பர் போல்ட்: முன் வீலைத் தூக்கி வச்சு, பேட் லேசா உரசுற வரை திருப்பி, பிறகு வீல் தாராளமா சுத்துற வரை பின்வாங்கி, இன்னும் அரைச் சுற்று விட்டு லாக் நட்டை இறுக்குங்க.