கண்காட்சி நாலு நாள் நடந்தா நம்ம கோயமுத்தூர்ல யார் கைல காசு வருது? உங்க அனுபவத்த சொல்லுங்க

பீளமேட்டுக்காரன்:
சித்ரா ஸ்டாப் கிட்ட சின்னதா டிராவல்ஸ் வச்சிருக்கேங்க, மூணு வண்டி. கொடிசியா ஹால்ல இன்டெக் மெஷின் கண்காட்சி, அக்ரி இன்டெக்ஸ் விவசாயக் கண்காட்சி மாதிரி ஏதாச்சும் நடந்தா ஏர்போர்ட் பிக்கப்புக்கே வண்டி பத்தாது, மத்த ஆளுங்க வண்டிய எல்லாம் கெஞ்சி வாங்கி ஓட்டுவேன். பகல்ல ஹால்ல விடறது, சாயங்காலம் ரூம்ல விடறது, நடுவுல ஒரு நாள் ஈஷா இல்லன்னா ஊட்டி. இந்த ஊட்டி ட்ரிப்புதான் லாபமே, ஹாலுக்கு விடறது டீசலுக்கும் டிரைவர் பேட்டாவுக்கும் சரியாப் போயிரும். 2010 செம்மொழி மாநாட்டப்ப நான் வேற ஒரு ஓனர்கிட்ட டிரைவர். ஜூன் 23ல இருந்து 27 வரைக்கும் வண்டிலயேதான் தூக்கம், ஊருக்குள்ள ரூமே கிடைக்காம ஒரு குடும்பத்த திருப்பூர்ல தங்க வச்சு தினம் கூட்டிட்டு வந்தேன். அந்த அஞ்சு நாள் படிக்காசும் டிப்ஸும் சேத்துதான் முதல் வண்டிக்கு முன்பணம் கட்டினேன். சரி என் கதை இருக்கட்டும், உங்களுக்கு என்ன வந்துச்சுன்னு எழுதுங்க.

உளியும்_ப்ளைவுட்டும்:
ஸ்டால் போடற ஆசாரி நான். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு கண்காட்சி நாலு நாள், எங்களுக்கு அதுக்கு முந்தின ரெண்டு ராத்திரிதான் கண்காட்சி. ஹால கைல குடுக்கறதே கடைசி நேரத்துல, அதுக்குள்ள தளம் போட்டு, ப்ளைவுட் அடிச்சு, பெயிண்ட் காஞ்சு, கார்பெட் ஒட்டி, லைட்டு மாட்டி முடிக்கணும். மெஷின் கண்காட்சின்னா ஹைட்ரா கிரேன் வந்து மெஷின இறக்கி வைக்கற வரைக்கும் நம்ம செவுரே எழுப்ப முடியாது, டீ குடிச்சுட்டு உக்காந்திருக்கணும். கூலி ரெட்டிப்பு, பொய் சொல்லல. எலக்ட்ரீஷியன், பெயிண்டர், ஃப்ளெக்ஸ் அடிக்கறவர், சுமை தூக்கறவங்கன்னு ஒரு பெரிய ஸ்டாலுக்கு இருபது பேராச்சும் சாப்பிடறோம். ஆனா பணம் வர்றதுதான் கொடுமை. பாதி அட்வான்ஸ், மீதிக்கு "பில் பாஸ் ஆகணும்". ஒரு வெளியூர் கம்பெனி ரெண்டு ஸ்டாலுக்கான பாக்கிய ஒன்றரை வருஷமா இழுக்குது, இப்ப ஃபோனே எடுக்கறதில்ல. ப்ளைவுட் கடைக்காரர் எங்கிட்ட அப்படி இழுக்க விடுவாரா?

முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வந்து பாருங்க, வேற உலகம். பிரிச்ச கார்பெட்ட பந்தல்காரர் அள்ளிட்டுப் போவார், ஃப்ளெக்ஸ் எல்லாம் யாரோ வீட்டு மாட்டுக்கொட்டாய்க்கு கூரையாகும். எங்க அப்பச்சி வீட்டு கொட்டாயில ஒரு கம்ப்ரசர் விளம்பரம் இன்னும் சிரிச்சுட்டு இருக்கு.

மெஸ்_அக்கா:
ஹோப்ஸ் பக்கம் சந்துக்குள்ள மெஸ் நடத்தறேனுங்க. மெஷின் கண்காட்சிக்கு ராஜ்கோட்ல இருந்து வர்றவங்க முதல் தடவ வந்தப்ப வெங்காயம் பூண்டு இல்லாம சமைப்பீங்களான்னு கேட்டாங்க, என்ற ஊட்டுக்காரரு முடியாதுன்னு தலைய ஆட்டிட்டாரு, நான்தான் இருங்கன்னு சொல்லி பெருங்காயத்த போட்டு ஒரு தால் வச்சுக் குடுத்தேன். இப்ப வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஃபோன் வந்துரும், பதினெட்டு பேருக்கு ராத்திரி சாப்பாடுன்னு. அந்த வாரம் மட்டும் பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க ரெண்டு பேர சப்பாத்தி தேய்க்க வச்சுக்குவேன். 2020ல அதே ஹால்ல வரிசையா கட்டில் போட்டு கோவிட் சென்டர் ஆக்கிட்டாங்க. அப்பதானுங்க தெரிஞ்சுது, எனக்கு வர்ற காசு எங்கிருந்து வந்துட்டு இருந்துச்சுன்னு. மாச சாப்பாட்டுக்காரங்கள வச்சு வாடகை கட்டலாம், நகைய திருப்பறது இந்தக் கூட்டத்தாலதான்.

ஒட்டன்சத்திரம்_தோட்டம்:
நானெல்லாம் எதிர்க்கட்சி. ஜூலைல அக்ரி இன்டெக்ஸுக்கு வருஷா வருஷம் வேன் புடிச்சு பன்னெண்டு பேர் வர்றோம், கட்டுச்சோறு கட்டிட்டு வருவோம், ராத்திரி ஊர் திரும்பிருவோம். எங்களால எந்த லாட்ஜுக்கும் பத்து பைசா கிடையாது. ஹால்ல களை வெட்டற மெஷின பாத்தேன், கைல புடிச்சு ஓட்டியும் பாத்தேன், ஆனா வாங்கினது எங்கூரு டீலர்கிட்ட, ரிப்பேர்னா அவந்தான வருவான். இதுல கோயமுத்தூருக்கு என்ன லாபம்?

பீளமேட்டுக்காரன்:
வீட்டம்மாவும் கூட வருவாங்களாண்ணா?

ஒட்டன்சத்திரம்_தோட்டம்:
வருவா. அவ ஹாலுக்குள்ளயே வரமாட்டா, நேரா ஒப்பணக்கார வீதி. மெஷின் விலைல கால்வாசி அங்க போயிரும். சரி சரி, புரியுது.

மல்லை_கல்தச்சன்:
நான் மாமல்லபுரம். எங்க ஊர்ல லாபம், நஷ்டம் ரெண்டையும் பாத்துட்டேன். 2019 அக்டோபர்ல சீன அதிபரும் நம்ம பிரதமரும் வந்தாங்கல்ல, அப்ப பாதுகாப்புன்னு பல நாள் வியாபாரமே இல்ல, எங்க தெருவுல கடைய பூட்டிட்டு உக்காந்திருந்தோம். திட்டாத ஆள் இல்ல. ஆனா அவங்க போனதுக்கப்புறம் பாருங்க, டிவில பாத்த ஜனம் எல்லாம் வெண்ணெய் உருண்டைப் பாறை முன்னாடி அதே மாதிரி கைய தூக்கி நின்னு போட்டோ எடுக்க கிளம்பி வந்துச்சு. அது வரைக்கும் சும்மா பாத்துட்டு இருந்த பாறைக்கு அந்த மாசமே டிக்கெட் போட்டாங்க.

2022 செஸ் ஒலிம்பியாட் வேற மாதிரி. ஜூலை 28ல இருந்து ஆகஸ்ட் 10 வரைக்கும் 186 நாட்டு ஆளுங்க. பெரிய சிலை ஒண்ணும் போகல, அத யாரு ப்ளைட்ல தூக்கிட்டுப் போவா? நான் மாவுக்கல்லுல உள்ளங்கை அளவு குதிரைக் காய் செதுக்கி வச்சேன், அது மட்டும் ஓடுச்சு. ஒரு வெளிநாட்டுப் பையன் குதிரைய திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, காது தப்பா இருக்குன்னு சைகைல காமிச்சான். திருத்திக் குடுத்தேன், அவன் டீம் மொத்தமும் மறுநாள் வந்துச்சு. கூட்டம் போனதும் மிச்சமான குதிரைங்க ஒரு வருஷம் ஷெல்ஃப்ல கிடந்துச்சு, நாலு நாள் கூட்டத்த நம்பி சரக்கு குவிக்கக் கூடாதுன்னு அப்ப பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.

உளியும்_ப்ளைவுட்டும்:
குதிரை இன்னும் இருக்கா? என் பையன் செஸ் கிளாஸ் போறான்.

மல்லை_கல்தச்சன்:
ரெண்டு இருக்கு. ஒண்ணுக்கு பழைய காது.

ஒட்டன்சத்திரம்_தோட்டம்:
மெஸ் அக்கா, இந்த ஜூலைல கட்டுச்சோறு வேண்டாம்னு வீட்ல சொல்லிட்டா. பன்னெண்டு பேர், மதியம் சாப்பாடு, வெங்காயம் பூண்டு எல்லாம் தாராளமா போடலாம். சந்து எந்தப் பக்கம்?