பொனவெந்தூர் பிறந்த ஊருக்கு அம்மையைக் கூட்டிப் போகலாமா?

குழித்துறை ஆற்றங்கரை:

எங்கள் சித்தி இத்தாலியில், வித்தெர்போ பக்கம் ஒரு மடத்தில் சிஸ்டர். செப்டம்பர் கடைசியில் நானும் அம்மையும் போகிறோம். அழைப்புக் கடிதம் வந்தாயிற்று, விசாவுக்கும் கொடுத்தாயிற்று. ரோம், வத்திக்கான் எல்லாம் மடத்திலேயே ஏற்பாடு செய்கிறார்கள். நடுவில் மூன்று நாள் மட்டும் எங்கள் கையில்.

அம்மை பிரான்சிஸ்கன் மூன்றாம் சபைக்காரி, அதாவது வீட்டிலிருந்தே அந்தத் துறவுச் சபையின் நெறியில் நடப்பவள். அந்தச் சபையின் புனிதரான பொனவெந்தூர் பிறந்த வீட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். ஊர் பெயர் சிவிட்டா தி பான்யோரேஜோ. படத்தில் பார்த்தால் பள்ளத்தாக்கின் நடுவே ஒற்றைப் பாறை, அதன் தலையில் ஊர், போய்ச்சேர ஒரே ஒரு நடைபாலம். அம்மைக்கு வயது 68, இடது முட்டில் தேய்மானம். போன வருஷம் சிதறால் மலையில் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போய்வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

வெட்டுகல்:

தம்பி, என் மகள் ரோமில் நர்ஸ். 2019 அக்டோபரில் நானும் வீட்டுக்காரியும் போய் அந்தப் பக்கத்தில் நாலு நாள் இருந்தோம். ஒன்றை இப்போதே அம்மையிடம் சொல்லி வையுங்கள். பொனவெந்தூர் பிறந்த வீடு இன்றைக்கு இல்லை. அது நின்ற இடமே எப்போதோ சரிந்து பள்ளத்தில் போய்விட்டது. அடையாளத்துக்கு ஒரு பலகைதான் மிச்சம். அங்கே போய்த் தெரிந்துகொண்டால் அவர்களுக்கு மனசு விட்டுப்போகும்.

ஆனால் அவருடைய கையின் திருப்பண்டம், அதாவது பத்திரப்படுத்தி வைத்த கை எலும்பு, பாலத்துக்கு இந்தப் பக்கம், பான்யோரேஜோ ஊருக்குள்ளேயே புனித நிக்கோலாஸ் கோயிலில் இருக்கிறது. அதற்குப் பாலம் ஏற வேண்டியதில்லை. அம்மை அங்கே உட்கார்ந்து நிம்மதியாகச் செபமாலை சொல்லட்டும்.

பாலம் 1965-ல் கட்டியது, 300 மீட்டர் இருக்கும். மாத்தூர் தொட்டிப்பாலம் மட்டமாகப் போகுமே, இது அப்படியல்ல. கடைசிப் பகுதி நெஞ்சு முட்டும் ஏற்றம். நிழல் கிடையாது, காற்று ஆளைத் தள்ளும். சிதறால் அளவுக்குத் தூரம் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். நாங்கள் போனபோது உள்ளே போக 5 யூரோ. ஊரிலிருந்து பாலத்தடி வரை சின்ன பஸ் விடுகிறார்கள்.

நான் முப்பது வருஷம் வெட்டுகல், அதாவது செம்புரைக்கல், வெட்டி விற்றவன். அந்தப் பாறையை விட்டு என் கண் நகரவே இல்லை. மேலே இருப்பது எரிமலைச் சாம்பல் இறுகிய கல், தூஃபோ என்கிறார்கள். நம்ம வெட்டுகல் போல வெட்டுவதற்கு இணங்கும். 2500 வருஷத்துக்கு முன்பே எத்ருஸ்கர்கள் என்ற பழங்குடி மக்கள் அதைக் குடைந்து குடியிருந்திருக்கிறார்கள். ஆனால் அடியில் கிடப்பது பழைய கடலின் களிமண். மழை களியைக் கரைக்கக் கரைக்க, மேல்கல் விளிம்பு விளிம்பாக உடைந்து விழுகிறது. 1695 பூகம்பத்துக்குப் பிறகு ஆயர் இருக்கையையே இந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இப்போது வருஷம் முழுக்க அங்கே குடியிருப்பவர்கள் கைவிரலில் எண்ணக்கூடிய அளவுதான். ஒரு மாளிகையின் முன்சுவர் மட்டும் நிற்கிறது. ஜன்னலுக்குப் பின்னால் அறை இல்லை, வானம். அந்தச் சுவரில் கை வைத்தபடி நான் வெகுநேரம் நின்றேன். வீட்டு மதிலை ஒட்டியே குழி இறக்கிக் கல் எடுத்த நாட்கள் எனக்கும் உண்டு. திரும்பி வந்த பிறகு அப்படி ஒரு வேலைக்கும் நான் சம்மதித்ததில்லை.

பாறசாலைக்காரி:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. தங்குவதற்கு மட்டும் நான் பான்யோரேஜோவைச் சொல்லமாட்டேன். போல்சேனாவில் தங்குங்கள். ஏரிக்கரை, சமதளம், அம்மை சாயங்காலம் மெதுவாக நடக்கலாம். ஐரோப்பாவிலேயே பெரிய எரிமலை ஏரி அது. கொரெகோனே என்று ஒரு ஏரிமீன் கிடைக்கும். முள் பார்த்துத் தின்னப் பழகிய நமக்கு அது பிடிக்கும்.

மூன்றாம் சபை அம்மைக்கு அங்கே இன்னொன்றும் இருக்கிறது. 1263-ல், நற்கருணையில், அதாவது பூசை அப்பம் கிறிஸ்துவின் உடலாகிறது என்பதில், சந்தேகம் கொண்ட ஒரு குரு பலிபூசை செய்தபோது அப்பத்திலிருந்து இரத்தம் சொட்டியதாகச் சொல்லும் புதுமை நடந்தது போல்சேனா புனித கிறிஸ்தீனா கோயிலில்தான். கறை படிந்த கல்லை அங்கே வைத்திருக்கிறார்கள். பீடத்துணி ஒர்வியேத்தோ பேராலயத்தில். அடுத்த வருஷமே பாப்பரசர் 4-ஆம் அர்பன் திருவுடல் திருவிழாவைத் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்தினார். நம்ம பங்குகளில் மே, ஜூனில் பூ விரித்துப் பவனி போகிறோமே, அந்தத் திருவிழாதான்.

ஒர்வியேத்தோவும் பாறைமேல் ஊர். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கம்பிவடத்தில் ஏறும் வண்டி இருக்கிறது, முட்டுக்கு வேலை இல்லை. பேராலயம் 1290-ல் தொடங்கியது. முன்முகத்தைப் பார்க்கவே ஒரு மணிநேரம் வேண்டும். புனித பத்ரீசியார் கிணற்றுக்கு 248 படி, நீங்கள் மட்டும் இறங்குங்கள். இறங்க ஒரு படிக்கட்டு, ஏற இன்னொன்று, ஒன்றையொன்று தொடாமல் சுற்றிச் சுற்றிப் போகும். தண்ணீர் சுமந்த கழுதைகள் எதிரெதிரே முட்டிக்கொள்ளாமலிருக்க அப்படிக் கட்டியிருக்கிறார்கள். பொமார்ட்சோவில் பாறையிலேயே செதுக்கிய பூத உருவங்கள் நிறைந்த தோப்பு உண்டு. என் பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது. உங்களுக்கு நேரம் இருந்தால் பாருங்கள்.

பஸ் விஷயத்தில் கவனம் தேவை. ஒர்வியேத்தோ இருப்பது உம்ப்ரியா மாநிலம், பான்யோரேஜோவும் போல்சேனாவும் லாசியோ மாநிலம், அதாவது நமக்குக் களியக்காவிளை போல எல்லை. ஆனால் களியக்காவிளையில் நிற்கிற மாதிரி பஸ் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பி இறங்காதீர்கள். நாங்கள் பிள்ளைகளோடு இரண்டு மணிநேரம் வெயிலில் நின்று, கடைசியில் டாக்சிக்கு எக்கச்சக்கமாகக் கொடுத்தோம். டிக்கெட்டை முன்கூட்டியே புகையிலைக் கடையில் வாங்கி வையுங்கள்.

குழித்துறை ஆற்றங்கரை:

ரெண்டு பேருக்கும் நன்றி. வீடு இல்லை என்று அம்மையிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசவே இல்லை. பிறகு, "கை இருக்குல்லா, அது போதும் மக்களே" என்றாள். இப்போது பாலத்தைத் தூரத்திலிருந்து பார்க்க முடியுமா என்று கேட்கிறாள்.

வெட்டுகல்:

முடியும். கோயிலிலிருந்து தெருவோடு போனால் ஊர் முடிகிற இடத்தில் ஒரு பார்வைத்தளம் இருக்கிறது. பாறையும் பாலமும் முழுசாகத் தெரியும். காலை வெளிச்சத்தில் போங்கள், அம்மைக்கு ஒரு ஊன்றுகோலும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாலம் ஏறிப் போய்வரும்வரை சித்தி அம்மையோடு இருக்கட்டும்.